நடக்கப் போகும் கார்கள்

சனிக்கிழமை காலையில் மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடக்க வேண்டுமென்றால் குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்குங்கள். சென்னைக் கார்கள் சாரை சாரையாகப் பறக்கின்றன. எங்கே இத்தனை அவசரம்? நடக்கப் போகிறார்கள், ஐயா! புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணிக்குத் தடுப்பு போட்டால் மறுநாள் காலை 7.30 வரை வண்டிக்கு அனுமதியில்லை. அந்தக் கார் இல்லாத தெருவில் காற்று வாங்கத்தான் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் கார்ப் பயணம்.

அவர்கள் உலாவுக்கு வழிவிட்டு ஓரத்தில் நிற்கிறாள் உப்பளத்துக்காரி. சாலையின் இருபுறமும் அளம். வெயில் ஏறினால் உப்பின் வெள்ளை கண்ணைக் குத்தும் என்று இருட்டிலேயே போனவள், வேலை முடித்துத் திரும்புகிறாள். கையில் காலித் தூக்கு, குதிகாலில் உப்புநீர் அரித்த வெடிப்பு. இதுவரை அவள் நடந்தது பாத்திகளுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய வரப்பில். அங்கே கார் இல்லை, ஹாரன் இல்லை, புகை இல்லை. நிழலும் இல்லைதான். நகரத் திட்ட நிபுணர்கள் பார்த்தால் முன்மாதிரி நடைபாதை என்று விருதே கொடுத்துவிடுவார்கள்.

கார்களுக்கு இந்தச் சாலை போதவில்லையாம். மரக்காணம்–புதுச்சேரி 46 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை 2,157 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 47 கோடி. மழைக்காலத்தில் அளம் முடங்கிக் கிடக்கும்போது மாநில அரசு அவளுக்குத் தரும் நிவாரணம் 5,000 ரூபாய். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அவளிடம் கார் இல்லையே!

நடப்பவருக்கு நாங்கள் ஒன்றுமே செய்யவில்லையா என்று அதிகாரிகள் கோபிப்பார்கள். செய்தார்கள். 2019 நவம்பரில் சென்னை தியாகராய நகர் பாண்டி பஜாரில் நடைபாதை வளாகம் திறந்தார்கள். செலவு சுமார் 40 கோடி. மரக்காணம் சாலையில் ஒரு கிலோமீட்டர் தாருக்குக்கூடக் காணாது. அகலமான நடைபாதை, உட்கார இருக்கை, எல்லாம் அழகு. கார்கள் மட்டும் நடுவில் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டிக் கொடுத்த பிறகும், ஜவுளிக்கடை வாசலில் இறங்காவிட்டால் சிலருக்குப் பட்டு பிடிப்பதில்லை. தெருவோரம் விற்றவர்களை மட்டும் முன்பே அள்ளிக்கொண்டுபோய் ஒரு கட்டடத்துக்குள் அடைத்தாயிற்று. நடைபாதைக்கு இடைஞ்சல் கூடைக்காரிதான், கார் அல்ல!

2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825. இது மத்திய அரசே அச்சிட்ட கணக்கு. அச்சிட்ட கையோடு அடுத்த நான்கு வழிச் சாலைக்குக் கையெழுத்துப் போடுவதில் கை நடுங்குவதில்லை.

நடைபாதைத் திட்டங்களுக்கு முன் ஒரு படம் காட்டுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? பலூன் பிடித்த குழந்தை, காபிக் கோப்பையோடு ஒரு பெண், கழுத்துப் பட்டையோடு ஒரு நாய். நாய்க்குக்கூட இடமிருக்கிறது. மீன்கூடையோ சும்மாடோ கண்ணில் பட்டதில்லை.

நான்கு வழிச் சாலையின் நடுவில் சுவர் எழும்பி, கார்கள் இன்னும் வேகம் பிடித்தால், வீட்டுக்கும் அளத்துக்கும் நடுவே உப்பளத்துக்காரி எங்கே கடப்பது? 2,157 கோடிக்குள் அதற்கு எத்தனை இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள்? அளத்துக்காரர்களைக் கூட்டிவைத்து அதிகாரிகளே நேரில் சொல்லட்டும். காரை எதிர்ப்பக்கம் நிறுத்திவிட்டுக் கடந்து வாருங்கள், காத்திருக்கிறோம்.