கொப்பற்றை பேரும் கொம்பனியின்ரை காசும்

தம்பி, ரொறன்ரோவில கொப்பற்றை ஞாபகார்த்தமா கோல்ஃப் சுற்றுப்போட்டி வைக்கப் போறீராம் எண்டு உரும்பிராய்ச் சந்தி மட்டும் கதை வந்திட்டுது. சந்தோசம். கொப்பர் சீவிச்ச காலத்தில மண்வெட்டிப் பிடியைத் தவிர வேறொரு தடி பிடிச்சதை நான் காணேல்லை. செம்மண் தறையில வாழைக்குழி வெட்டின மனிசன். இப்ப அவற்றை பேரில பதினெட்டுக் குழி. முன்னேற்றந்தான்.

தொழிலா விளையாடுறவரும், பொழுதுபோக்குக்கு அடிக்கிறவரும் சோடி சேர்ந்து ஆடுற போட்டியாமே. ஒவ்வொரு குழிக்கும் சோடியில ஆர் குறைச்ச அடியில பந்தை விழுத்தினவரோ அவற்றை கணக்குத்தான் எடுபடும். போதாததுக்கு, அடிக்கத் தெரியாதவருக்குச் சலுகையா சில அடியைக் கழிச்சும் விடுவினம். தெரியாதவர் காசு கட்டுறார், தெரிஞ்சவர் பரிசு எடுக்கிறார், இரண்டு பேரும் தோளில கை போட்டுப் படம் எடுக்கினம். உப்பிடியொரு வியாபாரத்தைச் சுன்னாகம் சந்தையில கூட நான் பார்க்கேல்லை.

கிழவனுக்கு உதெல்லாம் என்னெண்டு தெரியும் எண்டு சிரிக்காதையும். கொழும்பில கிளாக்கரா இருந்த காலத்தில களனிவெளிக் கோச்சியில போய் வந்தனான். 1879 இல வெள்ளைக்காரர் துவக்கின ரோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்தின்ரை புல்லை ஊடறுத்துத்தான் அந்தத் தண்டவாளம் போகுது. கோச்சி வந்தால் துரைமார் தடியை ஊண்டிக்கொண்டு நிப்பினம். மூண்டாம் வகுப்பில போற எங்களுக்காகத் துரைமார் காத்து நிண்ட இடம் இந்த நாட்டில அது ஒண்டுதான்.

சரி, விசயத்துக்கு வாறன். நீர் வைக்கப்போற கூத்தை உமக்கு முதலே ஒருத்தர் வைச்சவர். பிங் குரொஸ்பி எண்ட அமெரிக்கப் பாட்டுக்காரர். பாட்டும் படமும் குடுத்த காசில, 1937 இல கலிபோர்னியாவில ரான்சோ சான்ரா ஃபே எண்ட இடத்தில தன்ரை சிநேகிதரையும் தொழில்காரரையும் சோடி கட்டி ஆட விட்டார். முதல் வருசமே மழை கொட்டி, இரண்டு நாள் ஆட்டம் ஒரு நாளாச் சுருங்கிப்போச்சு. வெண்டவர் சாம் ஸ்னீட். பரிசு 500 டொலர். காசோலையை நீட்ட, மனிசன் காசாத் தந்தால் நல்லம் எண்டு கேட்டவராம். பிழையே சொல்லும்? கையில காசு வந்தால்தானே காசு. ஆட்டம் முடிய மட்டி அவிச்சு விருந்து எண்டு எல்லாம் ஒரு வீட்டுக் கொண்டாட்டம் மாதிரித்தான் நடந்தது.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில நிண்டுபோய், 1947 இல திரும்பத் துவங்கேக்க பெபிள் பீச் கடற்கரைப் பக்கம் போச்சு. சனவரிக் காத்தும் மழையும் அங்க பேர்போனது. 1962 இல பனி கூடக் கொட்டினது. ஆனாலும் தொலைக்காட்சி வந்த பிறகு சனம் விட்டுக்குடுக்காமல் பார்த்தது. எதைப் பார்க்க? வல்லவர் அடிக்கிறதையே? இல்லைத் தம்பி. ஜாக் லெமன் எண்டு இரண்டு ஒஸ்கார் வாங்கின நடிகர், வருசா வருசம் வந்து, கடைசி நாள் ஆட்டத்துக்குத் தெரிவாகாமலே வீட்டை போவார். சாகும் மட்டும் அந்தப் பேறு கிடைக்கேல்லை. அவருக்குத்தான் கைதட்டு. உம்மடை போட்டியிலும் உமக்கு அப்பிடி ஒரு கைதட்டு நிச்சயம்.

சலுகை அடி எண்டேனெல்லே, அதில கவனம். 1995 இல அந்தப் போட்டியில ஒரு ஜப்பான் தொழிலதிபரின்ரை சோடி வெண்டது. பிறகு பார்த்தால் ஆள் தன்ரை கெட்டித்தனத்தைக் குறைச்சுக் காட்டிச் சலுகையைக் கூட்டி வாங்கியிருக்கிறார். வெற்றியைப் பறிச்சுப்போட்டினம். எங்கடை ஆக்கள் உப்பிடிச் செய்ய மாட்டினம் எண்டு எனக்குத் தெரியும். நிவாரணத்துக்கு எழுதேக்க வெங்காய விளைச்சலைக் குறைச்சு ஒருத்தரும் இதுவரை எழுதேல்லைத்தானே.

இனித்தான் கதை. குரொஸ்பி 1977 இல ஸ்பெயினில ஒரு ஆட்டம் ஆடி முடிச்ச கையோட மாரடைப்பில செத்துப்போனார். பெண்சாதி கத்ரினும் பிள்ளையும் போட்டியைக் கொண்டு நடத்தினவை. செலவு பெருத்தது, பெரிய கொம்பனியின்ரை பேரைச் சேர்க்கவேணும் எண்டு மற்றவை கேட்டினம். அந்த மனுசி ஒப்பேல்லை. புருசன்ரை பேரை எடுத்துக்கொண்டு போட்டா. 1986 இல இருந்து போட்டிக்கு ஏ.ரி. அன்ட் ரி எண்ட தொலைபேசிக் கொம்பனியின்ரை பேர். அவ வட கரோலைனாவில புருசன்ரை பேரில வேற போட்டி நடத்திப் பார்த்தா. அது இப்ப இல்லை.

பகிடிக்காரர் பொப் ஹோப்பின்ரை கதையும் உதுதான். 1995 இல, 91 வயசில, தன்ரை போட்டியில கிளின்ரன், புஷ், ஃபோர்ட் எண்டு மூண்டு சனாதிபதிமாரோட ஆடினவர். புஷ்ஷும் ஃபோர்ட்டும் அடிச்ச பந்து பார்க்க வந்த சனத்தில பட்டது. அவ்வளவு கலகலப்பான போட்டி, 2012 இல காப்புறுதிக் கொம்பனியின்ரை பேருக்கு மாறிச்சுது. டீன் மார்ட்டின், அன்டி வில்லியம்ஸ், கிளென் கம்பெல் எண்டு பாட்டுக்காரர் ஆளுக்கொரு போட்டிக்குப் பேர் குடுத்திருந்தவை. இண்டைக்கு ஒரு பேரும் மிச்சமில்லை. பெபிள் பீச்சில 2024 இல பரிசுத்தொகை 20 மில்லியன் டொலர். காசு ஏற ஏற, பொழுதுபோக்குக்காரரைப் பாதியாக் குறைச்சு, நடிகர்மாரையும் வீட்டை அனுப்பிப்போட்டினம்.

உமக்கு வீடு விக்கிற முகவர் ஒருத்தர் கன காசு தாறன் எண்டவராம், தன்ரை பேர் மட்டும் முன்னுக்கு வரவேணுமாம். வாங்கும், வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. தொப்பியில போடும், தேத்தண்ணி மேசையில போடும், கழிவறைக் கதவில போட்டாலும் எல்லாரும் ஒருக்காவேனும் வாசிப்பினம். கொப்பற்றை பேருக்கு மேல மட்டும் போடாதையும். முதல் வருசம் மேல ஏறுற பேர், மூண்டாம் வருசம் தனிய நிக்கும். அதை எழுத்தில எழுதி, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வையும்.

இன்னொண்டு. புல்தரைக் கட்டணம், மண்டபக் கூலி, இராச்சாப்பாடு, கோட்டுச் சூட்டு எல்லாம் கழிச்சு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிஞ்சிறது எவ்வளவு எண்டு முன்கூட்டியே கணக்குப் பாரும். உங்கை ஒரு நேரச் சோத்துக்காசில இங்க ஒரு வகுப்பறைக்கு ஓடு மாத்தலாம்.

நோட்டீசு அடிக்க முதல் எனக்கொரு பிரதி அனுப்பும். முகவரின்ரை படம் கொப்பற்றை படத்தைவிடப் பெரிசா இருந்தால், இந்த ஊர் மதிலில ஒட்ட விடமாட்டன்.