அம்பாசிடர் டாப்பில் துரு

அம்பாசிடர் காரின் டாப்பு ஒரே அகலத் தகடு. அதன் இரு ஓரங்களிலும் மழைநீரை வாங்கி வெளியே விட ஒரு காடி ஓடுகிறது. தண்ணீர் ஓடுவதற்கென்று வைத்த இந்த இடத்தில்தான் தண்ணீர் நிற்கும். ஏற்காட்டில் சில்வர் ஓக் சருகும், மண்ணும், கேரியரின் கால்களும் சேர்ந்து அதை ஒரு குட்டி ஏரியாக்கிவிடுகின்றன. படகு விடாததுதான் குறை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் மழை விட்டாலும் மூடுபனி விடாது என்பதால் இந்த ஏரி எளிதில் வற்றுவதில்லை.  

இரும்பு, நீர், காற்று மூன்றும் கூடி உண்டாகும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் பெயிண்ட் அப்பளமாக உப்புகிறது. உள்ளே துணி லைனிங் மறைத்திருப்பதால் உரிமையாளருக்கு வெகுநாள் எதுவும் தெரியாது. சேலம் சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதோ ஒன்றில், பழுப்பு நிறச் சொட்டு ஒன்று காலருக்குள் இறங்கும்போது தெரியவரும். (சென்ற ஞாயிறு. வெள்ளைச் சட்டை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு.)

அடுத்தது சோதனை. திருப்புளிப் பிடியால் தட்டினால் நல்ல தகடு ‘டங்’ என்னும். செத்த தகடு ‘சொத்’ என்னும். இது மெக்கானிக்கின் வேலை. ஆனால் நிறுத்தியிருக்கும் பழைய வண்டியை யார் வேண்டுமானாலும் தட்டலாம் என்பது இந்நாட்டின் எழுதப்படாத உரிமை. ஏரிக்கரையில் ஒரு டீ குடித்துத் திரும்புவதற்குள் மூன்று பேர் தட்டியிருப்பார்கள். பலாப்பழம் பார்ப்பவர் விரல் முட்டியால் தட்டுவார். மாட்டுச் சந்தை பழகியவர் உள்ளங்கையால் அறைவார். மோதிரக்காரர் மோதிரத்தால் தட்டிவிட்டுக் கீறலைத் துடைத்தும் பார்ப்பார். தட்டிய பின் எல்லோருக்கும் ஒரே தீர்ப்புதான்: “அந்தக் காலத்து இரும்பு சார்! இப்ப வர்றதெல்லாம் தகரம்.” 2014 வரை உத்தரபாராவில் செய்துகொண்டிருந்த வண்டிக்கு எந்தக் காலம் ‘அந்தக் காலம்’ என்று கேட்டால் பதில் வராது, இன்னொரு தட்டு வரும். அந்தக் காலத்து இரும்பும் இரும்புதான்; நனைந்தால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத இரும்பு வேண்டுமென்றால் மலையிறங்கிப் போகலாம்: கஞ்சமலை அடிவாரத்தில் சேலம் உருக்காலை எவர்சில்வர் தகடு உருட்டுகிறது. அதிலுள்ள குரோமியம் மெல்லிய காப்புப் படலம் கட்டும். அலுமினியமும் அப்படித்தான், அதற்கான பாக்சைட் இதே சேர்வராயன் மலையில் வெட்டப்பட்டு மேட்டூருக்குப் போனது. 1830களில் ஹீத் துரை சேலத்து இரும்புத்தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலையே வைத்தார். இத்தனை உலோகப் பெருமைக்கு நடுவே நிற்கும் ஒரு டாப்பு, விரல் பட்டால் பொத்துக்கொள்கிறது. அதையும் தட்டுகிறார்கள்.

பழுதுபார்ப்பு சுருக்கமானது. லைனிங்கையும், தேவைப்பட்டால் கண்ணாடி பீடிங்கையும் கழற்றி, நல்ல தகடு தென்படும்வரை துருவை வெட்டி எடுக்க வேண்டும். அதே கனத்தில் புதுத் தகடு பொருத்தி, இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு வைத்துப் பற்றவைக்க வேண்டும். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் டாப்பு வாழையிலைபோல் நெளியும். பட்டி என்பது மேடுபள்ளம் நிரவ; ஓட்டை அடைக்க அல்ல. “பட்டி போட்டு அமுக்கிடலாம்ணே, ரெண்டு வருஷம் பேசாது” என்று டிங்கர் சொன்னால், அவர் வாக்குத் தவறமாட்டார்: மூன்றாம் வருஷம் அது பேசும். பட்டி ஈரத்தைக் குடித்து, அடியிலுள்ள துருவுக்கு ஊட்டிவிடும்.

பிறகு உப்புத்தாள், பிரைமர், இணைப்புகளுக்கு சீலர், பெயிண்ட். உட்புறத்துக்கும் பிரைமர் உண்டு. கண்ணில் படாததால் அதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். பனிமூட்டத்தில் என்.சி. பெயிண்ட் அடித்தால் ஈரம் படிந்து வெளுத்துப் பால்போலாகும். ஆகவே வண்டியைச் சேலத்து வெயிலுக்கு இறக்கிப் பெயிண்ட் அடித்து, அதே இருபது வளைவுகளில் மறுபடி ஏற்ற வேண்டும்.

காடியைப் பழைய டூத்பிரஷ்ஷால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும். கேரியரைத் திரும்ப மாட்டக் கூடாது. மே மாத மலர்க் கண்காட்சிக்கு உறவினர்கள் பெட்டிகளோடு வரும்வரை மாட்டப்படுவதில்லை.