தூக்கிராதலே, கை பழகிரும்!

வாலே பேராண்டி, செத்த திண்ணையில உக்காரு. அப்பனாயிட்டேன்னு போன்ல சொன்ன, சந்தோசம். இப்பம் மாமனார் வீட்டுக்குப் பிள்ளையப் பாக்கப் போறயாக்கும்? கையில என்னது, பிஸ்கட்டும் ஆப்பிளுமா? விருந்தாளி லட்சணமாத்தான் கெளம்பியிருக்க.

நம்ம வழக்கம் ஒண்ணும் லேசுப்பட்டது இல்லலே. வளைகாப்பு போட்டு, தலப்பிரசவத்துக்குப் பொண்டாட்டிய அவ ஆத்தா வீட்டுக்கு அனுப்பி வச்சிருதோம். ஏன்னு கேட்டா, 'அங்கனதான் அவளுக்கு ஓய்வு'ம்பாக. அப்பம் புருசன் வீட்டுல ஓய்வு கெடையாதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரிதானே! அதை எவனும் கேக்க மாட்டான், நீயும் கேக்காத. மூணு மாசமோ அஞ்சு மாசமோ கழிச்சு, தலை நின்ன பிள்ளையா உன் வீட்டுக்கு வந்து சேரும். அதுக்குள்ள காலை நீட்டிக் குளிப்பாட்ட ஒரு ஆச்சி, உரைமருந்து குடுக்க ஒரு பெரியம்மா, தொட்டிலாட்ட ஒரு சித்தி. எல்லா வேலைக்கும் ஆள் போட்டாச்சு. மிச்சம் இருக்கது இனிஷியல் ஒண்ணுதான். அதை மட்டும் நீ குடுத்தாப் போதும்.

அதனால தாத்தா சொல்லுத புத்திய நல்லாக் கேட்டுக்க. பிள்ளையத் தூக்கிராதலே, கை பழகிரும். ஒருதரம் பீத்துணி அலசுனேன்னு வையி, மறுநா வாளி தானா உன் பக்கம் நவந்து வரும். அழுதுச்சுன்னா 'பசிக்கும்போல'ன்னு அவ கையில குடுத்துரு. ராத்திரி முழிப்பு வந்தாலும் குறட்டைய மட்டும் நிப்பாட்டிராத. மீறி நீ எந்திரிச்சாலும், உன் மாமியார் 'ஐயோ, நீங்க எதுக்கு மாப்ள'ன்னு ஓடியாந்து பிடுங்கிருவாக. உன் ஆத்தா கேள்விப்பட்டா 'எம்பிள்ளைய அங்க வேலை வாங்குதாக'ன்னு மூக்கைச் சிந்துவா. டீக்கடையில 'பொண்டாட்டிதாசன்'னு பட்டம் வேற தயாரா இருக்கும். ஒருத்தன் தகப்பனாகாம இருக்க ஊரே எம்புட்டுப் பாடுபடுது பாத்தியா!

சர்க்காரும் நம்ம பக்கந்தான். 2017-ல சட்டத்தைத் திருத்தி, வேலைக்குப் போற பொம்பளைக்கு முதல் ரெண்டு பிள்ளைக்கு 26 வாரம் லீவுன்னாக. நல்ல காரியம். மத்திய சர்க்கார் உத்தியோகத்துல இருக்க அப்பனுக்கு 15 நாள். உன்னைய மாதிரித் தனியார் கம்பெனிக்காரனுக்குச் சட்டத்துல ஒரு நாள்கூட இல்ல, மேனேசர் மனசு வச்சாத்தான் உண்டு. 2024-ல நாடு பூரா கணக்கெடுத்தாகளாம், உன் தங்கச்சி செல்லுல வாசிச்சுக் காட்டுனா. வீட்டாளுகளைப் பராமரிக்கப் பொம்பளைக்கு நாளைக்கு 137 நிமிசம் போகுதாம், ஆம்பளைக்கு 75. அதுவும் அந்த வேலையத் தொடுத ஆம்பளைகளை மட்டும் வச்சு எடுத்த கணக்கு. தொடாதவன் அதுல வரவே இல்ல. தாத்தா எதுல வருவாருன்னு நீ கேக்கல. நானே சொல்லுதேன்.

உங்க அப்பன் பொறந்த ராத்திரி நான் டீக்கடையில உக்காந்து பீடி குடிச்சிட்டிருந்தேன். 'ஆம்பளைக்கு அங்க என்ன சோலி'ன்னாக, எனக்கும் வசதியாப் போச்சு. அதே வருசம் நம்ம மயிலைப்பசு கன்னு போட்டுச்சு. விடிய விடியத் தொழுவத்துலதான் கெடந்தேன். கன்னு மூக்குல இருந்த கோழைய என் வெரலாலயே வழிச்சேன். இளங்கொடி விழுந்ததும் வைக்கோல்ல சுத்திக் கொண்டுபோயி ஆலமரத்துல கட்டுனேன். மடு தெரியாமத் தடுமாறுன கன்னை அணைச்சுப் பிடிச்சுச் சீம்பால் குடிக்க வச்சேன். அருவருப்பும் வரல, கௌரவமும் கொறையல. ஒரு பயலும் 'மாட்டுதாசன்'னு பட்டம் கட்டல. அந்தக் கன்னு, நான் தெருமுக்கு திரும்புனாலே கத்தும். உங்க அப்பன் என்னையக் கண்டா ஆத்தா முந்தானைக்குள்ள ஒளிவான். இன்னைக்கும் போன் போட்டா 'நல்லாயிருக்கீகளாப்பா, அம்மாட்டக் குடுங்க' அம்புட்டுதான்.

சரி, கோவில்பட்டி பஸ்ஸு வந்துரும், கெளம்பு. அந்தப் பிஸ்கட்டை இங்கன வச்சிட்டுப் போ, நான் டீயில நனைச்சுக்கிடுதேன். ஆப்பிளையும் உங்க ஆச்சிட்டக் குடு. நீ வெறுங்கையோட போ. கை காலியா இருந்தாத்தாம்லே பிள்ளையத் தூக்க முடியும்.