கொஞ்சம் பையைப் பார்த்துக்குங்க

குடும்ப வாட்ஸப் குழுவில் என் சகலை ஒரு வாக்கெடுப்பு வைத்திருக்கிறார். ‘தீம் பார்க் ட்ரிப் எப்படி இருந்துச்சு?’ விடைகள் மூன்று: சூப்பர், வேற லெவல், மறுபடியும் போலாம். நாலாவதாக ஒன்று இருக்கும் என்று திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன். இல்லை. நாட்டின் வாக்கு இயந்திரத்தில் 2013-லேயே நோட்டா வந்துவிட்டது. எங்கள் குடும்பத்துக்கு இன்னும் வரவில்லை. எல்லோரும் ஓட்டுப் போட்டாகிவிட்டது. என் ஓட்டு மட்டும் பாக்கி. மச்சினி என் பெயரைக் குறிப்பிட்டு ஒரு கேள்விக்குறியும் முறைக்கிற மூஞ்சி ஒன்றும் போட்டிருக்கிறாள். எனக்கு இன்னும் முதுகே நிமிரவில்லை.

குடும்பத்தோடு இப்படிப் போகும்போது எவ்வளவு திட்டம் போடலாம், எவ்வளவு போகிற போக்கில் விடலாம் என்பதற்கு என்னிடம் ஒரு துல்லியமான கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் சகலையைப் பற்றிக் கொஞ்சம்.

சகலை ஐ.டி. கம்பெனியில் ப்ராஜெக்ட் மேனேஜர். பல் தேய்ப்பதைக்கூட ‘மைல்ஸ்டோன்’ என்று சொல்லாவிட்டால் அவருக்குத் தேய்த்த மாதிரி இருக்காது. ட்ரிப்புக்கு ஒரு மாதம் முன்பே எக்ஸெல் ஷீட் வந்துவிட்டது. தண்ணீர் ரைடுக்கு நீலம், தரை ரைடுக்கு மஞ்சள், சாப்பாட்டுக்குப் பச்சை, பாத்ரூமுக்கு ஒரு மாதிரி வெளிறிய ரோஸ். 11.40 பெண்டுலம். 12.05 பாத்ரூம் (பெண்கள்). 12.10 பாத்ரூம் (மற்றவர்கள்). மற்றவர்கள் என்றால் நாங்கள்தான்.

“அண்ணா, பத்து ரைடை எந்த ஆர்டர்ல ஏறலாம்னு பாத்தா 36,28,800 வழி இருக்கு. அதுல நடை கம்மியா இருக்கற வழியைக் கண்டுபிடிக்கணும். இதுக்குப் பேரே ட்ராவலிங் சேல்ஸ்மேன் ப்ராப்ளம்” என்றார்.

ஒன்றிலிருந்து பத்து வரை பெருக்கிப் பார்த்தேன். சரியாக அதே எண்தான் வருகிறது. ஊர் ஊராகப் போகிற ஒரு விற்பனைப் பிரதிநிதிக்காக எத்தனையோ கணித மேதைகள் எத்தனையோ வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆள் ஒரு கடைக்குள் நுழையும்போது அவன் பெட்டியை வெளியே யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒருத்தராவது கேட்டிருக்க வேண்டாமா?

எதிர்க்கட்சி மாமனார். அவர் கட்சிக்குக் கொள்கை ஒன்றே ஒன்றுதான்: போய்ப் பாத்துக்கலாம். ரயில் டிக்கெட், கல்யாண மண்டபம், கண் ஆபரேஷன் எல்லாவற்றையும் அவர் போய்ப் பார்த்துக்கொண்டவர்தான். “அந்தக் காலத்துல தாம்பரம் பக்கத்துல கிஷ்கிந்தா தொறந்தப்ப இவளுகளைக் கூட்டிட்டுப் போனேன் மாப்ள. அப்ப எக்ஸெல்லா இருந்துச்சு?” (இருந்தது. 1985-லேயே வந்துவிட்டது. மாமனாரிடம் அதை யார் சொல்வது?) கிஷ்கிந்தாவைத் தொடங்கியவர் நவோதயா அப்பச்சன், ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ எடுத்து ஊரையே கண்ணாடி மாட்டிக்கொண்டு படம் பார்க்க வைத்தவர். அவர் போய்ப் பார்த்துக்கொண்டு எதையும் கட்டியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மாமனார் அங்கே தொலைந்துபோய், மைக்கில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் வந்து சேர்ந்தார் என்று மாமியார் இன்றைக்கும் சொல்வார்.

சகலைக்குக் குலதெய்வம் வால்ட் டிஸ்னி. “ப்ளானிங்னா அந்த மனுஷன்தான் அண்ணா.” ஆத்திரத்தில் நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, ஹெர்ப் ரைமன் என்ற ஓவியரை டிஸ்னி போனில் கூப்பிடுகிறார். திங்கட்கிழமை அண்ணன் ராய் பணம் திரட்ட நியூயார்க் போக வேண்டும். கையில் காட்டுவதற்கு ஒரு படம்கூட இல்லை. வரச் சொல்லி, கூடவே உட்கார்ந்து, சனியும் ஞாயிறுமாக வரைய வைத்ததுதான் டிஸ்னிலாந்தின் முதல் பெரிய வரைபடம். பரீட்சைக்கு முந்தின நாள் ரெக்கார்டு நோட்டு எழுதுகிற நம் பிள்ளைகள் செய்வதும் அதுதான். 1955 ஜூலை 17 திறப்பு நாளில் கள்ள அழைப்பிதழை வைத்துக்கொண்டு ஏகப்பட்ட கூட்டம் உள்ளே புகுந்துவிட்டது. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகி, பெண்களின் குதிகால் செருப்பு அதில் புதைந்தது. பிளம்பர்கள் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் இல்லை. இத்தனையும் நேரடி ஒளிபரப்பு நடந்த அன்றைக்கே. இதைச் சொன்னதும் சகலை, “அதனாலதான் நான் ரெண்டு வாட்டர் பாட்டில் எக்ஸ்ட்ரா போட்டிருக்கேன்” என்றார். இந்த மாதிரி ஆட்களிடம் வரலாறு பேசக் கூடாது.

வேனுக்கு ஷீட்டில் போட்ட நேரம் காலை 5.40. எத்தனை மணிக்குக் கிளம்பினோம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீங்களும் குடும்பஸ்தர்தான். கேஸை மூடினோமா என்று பார்க்கத் திரும்பி வந்ததும் உங்களுக்குத் தெரியும். வாசலில் செக்யூரிட்டி புளியோதரை டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டார். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லையாம். சகலையின் பையன் உயரம் அளக்கும் பலகை முன்னால் மூச்சை இழுத்து நிமிர்ந்து நின்றும் 140 செ.மீ. கோட்டுக்கு ஒரு விரற்கடை குறைந்தான். மஞ்சள் நிறக் கட்டங்களில் பாதி அங்கேயே செத்தது. அதெல்லாம் போகட்டும்.

பைக்கு வருகிறேன்.

மூன்று குடும்பம் சேர்ந்து போனால் எத்தனை பை வரும் என்பதற்கு எந்த ஷீட்டிலும் கட்டம் கிடையாது. ஜவுளிக்கடைக் கட்டைப்பைகள், பள்ளிக்கூடப் பைகள், மச்சினியின் தோள்பை, அந்தத் தோள்பைக்குள் இன்னொரு சின்னத் தோள்பை. என் பொறுப்பில் விடப்பட்ட கட்டைப்பை ஒன்றுக்குள் என்ன இருந்தது என்று பொழுது போகாமல் பார்த்தேன்: ஆறு துண்டு, மாற்று ஜட்டிகள் ஒரு கவர் நிறைய, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், மாமனாரின் பல்செட் டப்பா, மூடி சரியாகத் திருகாத தைலக் குப்பி, செக்யூரிட்டி கண்ணில் படாமல் துண்டில் சுருட்டிக் கடத்தி வந்த முறுக்கு. அந்த முறுக்கை ஒன்று கடித்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே சாகச அனுபவம் அதுதான். தொண்டையிலிருந்து நெஞ்சுவரை ஜிவ்வென்று இறங்கியது.

லாக்கர் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. “அதுக்கு வாடகை வேற, டெபாசிட் வேறயாம். நாம என்ன நகையா வைக்கப் போறோம்?” என்று கேட்டவர் மாமியார். கேட்ட கையோடு ரெண்டு வளையலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து, “மாப்ள, இதை மட்டும் பத்திரமா வெச்சுக்குங்க” என்றார். அந்த நொடியில் தேர்தல் முடிந்துவிட்டது. வேட்புமனுத் தாக்கல் செய்யாமலே போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டேன். மாமனார் தூங்கிவிடுவார். சகலை டீம் லீடர். என் மனைவிக்கு எப்போதாவதுதானே இப்படி ஒரு நாள் கிடைக்கிறது. குழந்தைகள் குழந்தைகள். “உங்களுக்குத்தான் தலை சுத்துமே” என்றாள் மனைவி. எனக்குத் தலை சுற்றும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். “பத்தே நிமிஷம்ங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பை பார்த்துக்கொள்கிறவனின் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வரிசையில் நிற்கிறவனுக்காவது முன்னால் இருக்கிற முதுகு நகர்கிறது. டேவிட் மைஸ்டர் என்ற வணிகப் பேராசிரியர் வரிசையில் காத்திருப்பவர்களின் மனநிலை பற்றி எழுதியிருக்கிறார், எக்ஸெல் வந்த அதே 1985-ல். சும்மா காத்திருக்கும் நேரம் வேலையோடு காத்திருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும் என்கிறார். பெரிய பார்க்குகளில் வரிசையில் நிற்பவர்களுக்கு டி.வி. வைப்பதும், ‘இங்கிருந்து 30 நிமிடம்’ என்று பலகை வைப்பதும் இதனால்தான். பை பார்த்துக்கொள்கிறவனுக்கு எந்தப் பார்க்கிலாவது பலகை உண்டா? சென்னை விஜிபி பார்க்கில் ஒரு சிலை மனிதர் உண்டு. ஆடாமல் அசையாமல் நிற்பார், ஜனங்கள் அவரைச் சிரிக்க வைக்கப் படாத பாடு படும். நானும் அப்படித்தான் ஆடாமல் இருந்தேன். ஆனால் அவருக்குச் சம்பளம் உண்டு. அவர் பக்கத்தில் நின்று போட்டோவாவது எடுத்துக்கொள்வார்கள். என் பக்கத்தில் வந்தவர்கள் எல்லாம் துண்டு எடுக்க வந்தவர்கள்.

இனிமேல்தான் விஷயமே. தண்ணீர் ரைடுக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஆகவே சகலையின் போனும் பைக்குள் வந்துவிட்டது. எக்ஸெல் ஷீட் அந்தப் போனில். ஒவ்வொரு ரைடுக்கும் அதில் அவர் அலாரம் வைத்திருந்தார்.

11.40-க்கு என் மடியில் இருந்த பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், ‘பெண்டுலம். எல்லாரும் ரெடியா?’ யாரும் ரெடியில்லை. யாருமே இல்லை. அவர்கள் எந்தக் குளத்தில், எந்தக் குழாய்க்குள் இருக்கிறார்களோ. 12.05-க்கு, ‘பாத்ரூம், பெண்கள்.’ 12.10-க்கு ‘மற்றவர்கள்’ என்று வந்தபோது எனக்கு நிஜமாகவே போக வேண்டியிருந்தது. பையை விட்டு எப்படிப் போவது? 12.50-க்கு ‘லஞ்ச். கூட்டத்துக்கு முன்னாடி போகணும்!’ ஆச்சரியக்குறியோடு. கூட்டம் என் கண் முன்னால் போனது. தட்டோடு திரும்பியும் வந்தது. ஒரு மாதம் உழைத்துத் தீட்டிய அந்தத் திட்டத்தை, அதன் ஒவ்வொரு வரியையும், உரிய நேரத்தில் அறிந்த ஒரே ஜீவன் நான்தான். எங்கள் குடும்பம் எந்த நிமிடத்தில் எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். திட்டம் போட்டவர் அந்த நேரத்தில் ரப்பர் டியூபில் மல்லாந்து கிடந்திருக்கிறார். அவருக்கு அன்றைக்கு அத்தனையும் போகிற போக்கு. அலாரம் மட்டும் எனக்கு. நிறுத்தவும் முடியவில்லை, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்ப வந்தது.

பக்கத்து பெஞ்சில் இன்னொரு பை பார்த்துக்கொள்கிறவர் இருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் நீச்சல் வளையம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டோம். கொஞ்ச நேரத்தில், “சார், அவசரமா ஒண்ணுக்கு வருது, கொஞ்சம் பையைப் பாத்துக்குங்க” என்று எழுந்தார். அவர் வந்ததும் நான் போகலாம் என்று ஒப்புக்கொண்டேன். அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவர், “அப்படியே இதையும்” என்று ரெண்டு பையை என் பக்கம் தள்ளிவிட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் பாத்ரூமுக்குப் போனவர், அரைமணி நேரம் கழித்து எதிரே ஜெயன்ட் வீலில் தெரிந்தார். மேலேயிருந்து எனக்குக் கையாட்டினார். கையாட்டினார், சார்.

அன்றைக்கு நடந்ததிலேயே நல்ல விஷயம் ஒன்று உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். மாமியார், கடலில்கூடக் கணுக்கால் தாண்டி இறங்காதவர், பார்க்குக் கடையில் நைலான் சட்டையும் பேன்ட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு, “நானும் வரேன்டி” என்று வேவ் பூலுக்குள் இறங்கிவிட்டாராம். ஷீட்டில் அவருக்குப் போட்டிருந்தது ‘நிழலில் ஓய்வு’. அலை வந்தபோது “கோவிந்தா” என்று அவர் கத்தியதில் பக்கத்தில் இருந்த காலேஜ் பசங்களும் கத்தினார்களாம். மாமனார் விசில் அடித்தாராம். என் மனைவி சிரித்துச் சிரித்து அழுதாளாம். போட்டோ கிடையாது, எல்லார் போனும் என்னிடம். வேனில் ஆளுக்கு ஒரு தரம் இதைச் சொல்லிவிட்டார்கள், ஒவ்வொரு தரமும் “நீங்க பாத்திருக்கணும்” என்ற முடிவோடு. நான் பார்த்திருக்க வேண்டும்தான். ஐம்பதடி தூரம். நடுவில் ஒரு ஐஸ்கிரீம் கடை. அந்தக் கடைச் சுவரில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த பென்குயினை மட்டும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரிகிறது.

திட்டத்துக்கும் திடீருக்கும் உள்ள கணக்கைச் சொல்கிறேன் என்றேன். சொல்லியிருப்பேன். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே குழுவில் வேறு விவகாரம் கிளம்பிவிட்டது. சகலை பெண்ணின் ஒரு செருப்பைக் காணோம். ரோஸ் நிறம், வலது கால். “பெரியப்பாகிட்டதான் குடுத்தேன்” என்று குழந்தை வாக்குமூலம் கொடுத்திருக்கிறது. மச்சினி அதைக் குரல் பதிவாகவே அனுப்பியிருக்கிறாள். “சின்னப் பொண்ணு பொய் சொல்லாது” என்று மாமியார் அதற்குக் கீழே எழுதியிருக்கிறார். அந்த வளையலை முடிச்சோடு திருப்பிக் கொடுத்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இங்கே ஒவ்வொரு பையாகக் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. ரோஸ் செருப்பு இல்லை. கட்டைப்பையின் அடியில், ஈரத் துண்டுக்குக் கீழே, ஒன்பதாம் நம்பர் ஆண் செருப்பு ஒன்று இருக்கிறது. இடது கால். எங்கள் வீட்டில் யாருடையதும் இல்லை. இப்போது அதற்கும் நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம்.