வீசுகோல் மாஸ்டர்

நவம்பர் பாதியில் நாகர்கோவிலில் ஒருத்தருக்குத் தொண்டை கட்டி, கண் சிவந்து, வலது கை மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பேய் பிடிக்கவில்லை, அவர் கொயர் மாஸ்டர். கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

கூட்டத்திலும் அவரைக் கண்டுபிடித்துவிடலாம். சட்டைப்பையில் இரண்டு பென்சில், ஒரு டியூனிங் ஃபோர்க், அரை டஜன் துணிக்கிளிப். பென்சில், நொட்டேஷனில் குறிப்பெழுத; பேனாவால் கிறுக்கினவனை அவர் மன்னித்ததாக வரலாறு இல்லை. கிளிப், ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காக. முப்பந்தலில் காற்றாலையைச் சுற்றுகிற அந்தக் காற்று ஒரு தடவை பந்தலுக்குள் புகுந்து, ஆல்டோக்காரர்களின் தாள் அத்தனையையும் பக்கத்து வாழைத்தோப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்றைக்கு ஆல்டோ இல்லாமலேயே பாட்டு முடிந்தது. சபையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. காற்று செய்ததைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

டீக்கடையில் கரண்டி தம்ளரில் பட்டால், 'இ ஃப்ளாட்' என்று முணுமுணுத்துவிட்டுத்தான் டீயை வாங்குவார். மார்த்தாண்டம் பஸ் ஹார்ன் அடித்தால் மற்றவர்கள் ஒதுங்குவார்கள். இவர், 'கொஞ்சம் இறங்கியிருக்கே' என்று நடுரோட்டில் நிற்பார். சுசீந்திரம் கோயிலில் கல்லில் செதுக்கிய இசைத்தூண்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஒரு பெருமூச்சு வரும்: "கல்லு எத்தனை காலமா சுருதி மாறாம நிக்குது! இந்தப் பயலுவளுக்குப் பத்து நிமிஷம் நிக்கக் கழியல்ல."

கல் நிற்கும், மரம் நிற்காது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் கிடைக்கிற மாவட்டம் இது. நெல்லுக்கும் ரப்பருக்கும் யோகம், வயலினுக்குக் கண்டம். மழையில் பிருடை ஊறித் திருக முடியாமல் இறுகிக்கொள்ளும். நாலு நாள் வெயில் அடித்தால் வழுக்கிவிட்டுத் தந்தி தொய்யும். பதினைந்து வயலினைச் சுருதி சேர்த்து முடிக்கும்போது முதல் வயலின் மறுபடி இறங்கியிருக்கும். அதற்குள் பிராக்டிஸ் நேரம் முடிந்து, சுக்குக்காப்பி வந்துவிடும்.

ஆள் சேர்ப்பது அடுத்த பாடு. சொப்ரானோவுக்கு இருபது பேர், பாஸுக்கு மூன்று பேர். அதில் ஒருத்தன் டிரைவர், வண்டி கிடைத்தால் வரமாட்டான். குரல் உடைகிற வயதுப் பையன் இரண்டுக்கும் நடுவில் தத்தளிப்பான். அந்த ஆறு மாதத்துக்கு மாஸ்டர் அவன் கையில் ஒரு டிரையாங்கிளைக் கொடுத்து ஓரமாக உட்கார்த்திவிடுவார். "லேய் மக்கா, அறுபத்திமூணு பாருக்குச் சும்மா இரி. அறுபத்திநாலுல ஒரே ஒரு தட்டு. அதுதான் உனக்க வேலை." அவன் அறுபத்திரண்டில் தட்டுவான்.

கீபோர்டுக்காரன் தனி இனம். சி மேஜரில் மட்டும் வாசிக்கத் தெரிந்து, மற்றதையெல்லாம் டிரான்ஸ்போஸ் பட்டனிடம் ஒப்படைத்தவன். "அது பட்டன் இல்லடே, பாவம்" என்பார் மாஸ்டர். ஆனால் பாட்டுக்கு நடுவில் போதகர் சுருதியை இரண்டு கட்டை ஏற்றிவிடும்போது அந்தப் பாவத்தைத்தான் கண்ணால் ஜாடை காட்டிச் செய்யச் சொல்லுவார்.

பிறகு அப்பாமார். லண்டன் டிரினிட்டி காலேஜ் பரீட்சையில் எட்டு கிரேடு இருப்பது அவர்களுக்குத் தெரியும்; அது எட்டு மாடிக் கட்டடம் மாதிரி, லிஃப்டில் போய்விடலாம் என்றும் தெரியும். "சார், எட்டையும் இந்த வருஷமே முடிச்சிரலாமா? அடுத்த வருஷம் பயலுக்குப் பிளஸ் டூவாக்கும்." மாஸ்டர் கோபப்படமாட்டார். "முடிச்சிரலாம் அண்ணாச்சி. எட்டு வருஷப் பீஸையும் இந்த மாசமே தந்திருங்க." பேச்சு அதோடு மூன்றாம் கிரேடுக்கு இறங்கிவிடும்.

மூங்கில் சிம்பைச் சீவி அவரே செய்த கோலுக்குப் பையன்கள் வைத்த பெயர் 'வீசுகோல்'. நாஞ்சில் நாட்டில் அது பொருத்தமான பெயர்தான். இங்கே ஆர்க்கெஸ்ட்ரா என்ற சொல் வருவதற்கு முன்பே வில்லும் குடமும் உடுக்கையும் தாளமும் கட்டையும் உட்கார்ந்து இராமுழுக்கக் கதை சொல்லியிருக்கின்றன. நடுவில் இருக்கிற புலவர் வீசுகோலால் வில்லில் அடித்தால் மொத்தக் குழுவும் அவர் பின்னால் போகும். ஒழுகினசேரி என்.எஸ். கிருஷ்ணனும் பாடிய வில்லுப்பாட்டு அது. மாஸ்டருக்கு அதில் ஒரு பொறாமை உண்டு. புலவர் எதைச் சொன்னாலும் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவார். இவர் குழுவில் எதைச் சொன்னாலும் 'ஏன் சார்?' என்பார்கள்.

கோலை எடுத்து நீட்டுகிறவனுக்கெல்லாம் அவர் லுல்லி கதையைச் சொல்லுவார். பிரான்சு மன்னர் அவையில் இருந்த லுல்லி, நீளத் தடியால் தரையில் தட்டித் தாளம் காட்டுகிறவர். ஒருநாள் தடி காலில் பட்டு, புண் அழுகி, 1687-இல் செத்தே போனார். "தாளம் விளையாட்டு இல்ல மக்கா, ஆளைக் கொல்லும்" என்று முடிப்பார். பையன்கள் கோலைக் கீழே வைத்துவிட்டு அவருடைய காலைப் பார்ப்பார்கள்.

வருடத்துக்கு வருடம் அவருக்கு ஒரே கண்டம்: ஹாண்டலின் அல்லேலூயா கோரஸ். அது இருக்கிற 'மெசாயா'வை 1741-இல் ஹாண்டல் எழுதி முடிக்க எடுத்தது 24 நாள். நம் பையன்கள் அந்த ஒரு பாட்டைப் படிக்க எடுப்பது ஆறு வாரம். அதன் கடைசியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அல்லேலூயா, அல்லேலூயா என்று அடுக்கிக்கொண்டே போய், சட்டென்று எல்லோரும் வாயை மூட வேண்டும். ஒரு மூச்சு மௌனம். அதற்குப் பிறகுதான் கடைசி அல்லேலூயா, நிதானமாக. அந்தப் பள்ளத்தில் எப்போதும் ஒருத்தன் விழுவான். மௌனத்தில் அவன் குரல் மட்டும் கேட்கும். அதுவும் அன்றைக்குத்தான் மிகத் திருத்தமாக இருக்கும். "பாட வைக்க ஆறு வாரம் போதும் டே. நிறுத்த வைக்கத்தான் எனக்கு இருபது வருஷம் ஆவுது" என்பார் மாஸ்டர்.

நிறுத்தக் கற்றுக்கொண்டவனும் தங்கமாட்டான். டெனருக்குக் கல்ஃபில் விசா வரும். முதல் வயலின் நர்சிங் முடித்து வெளிநாடு போகும். பாஸ் பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும். வெனிசுலாவில் 1975-இல் அப்ரேயு என்பவர் தொடங்கிய இளைஞர் ஆர்க்கெஸ்ட்ரா இயக்கத்தை அரசாங்கமே தாங்கியது. இங்கே மாஸ்டரைத் தாங்குவது கேரல் ரவுண்ட்ஸில் வீடுவீடாகக் கிடைக்கும் கேக்கும், அசனச் சோறும், வருடக் கடைசியில் கமிட்டி போர்த்துகிற ஒரு சால்வையும்தான். வீட்டில் சால்வை இருபது சேர்ந்துவிட்டது. இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றைக்கூடப் போர்த்த முடியாது.

ஆனால் டிசம்பர் 20 தாண்டியதும் பிராக்டிஸ் அறை வாசலில் பெரிய பெரிய செருப்புகள் சேரும். லீவில் வந்த டெனர், தொப்பையோடு பின்வரிசையில் போய் நிற்பான். மாஸ்டர் நலம் விசாரிக்கமாட்டார். "பத்தாவது பக்கம்" என்பார். பள்ளம் வரும்போது அவன் சரியாக நிறுத்துவான்; பக்கத்துப் பொடியன் வாயையும் கையால் பொத்துவான்.

ஆகையால், கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாட்டு முடிந்த மாதிரித் தோன்றினால் உடனே கைதட்டிவிடாதீர்கள். மாஸ்டரின் கையைப் பாருங்கள். அது மேலே நின்றால், இன்னும் ஒரு அல்லேலூயா பாக்கி இருக்கிறது.