கல்வெட்டு நேரம்

எங்கள் குடோனில் சரக்கு வந்த நேரத்தைக் குறிக்க ஓர் எக்செல் ஷீட். நேரம் போடும் கட்டங்களில் எல்லாம் நவ் ஃபார்முலாவைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தோம். ஆடிட்டர் வந்து ஃபைலைத் திறந்தார். ஆறு மாதச் சரக்கும் அன்று காலை 11.42-க்கு ஒன்றாக வந்து இறங்கியிருந்தது. ஷீட் மறுகணக்குப் போடும்போதெல்லாம் அந்த ஃபார்முலா புது நேரம் காட்டுமாம்.

கன்ட்ரோலோடு செமிகோலனை அழுத்தினால் தேதி அசையாமல் உட்கார்ந்துவிடும். இரண்டு விரல் வேலை. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. மேக்ரோதான் வேண்டும் என்றார்கள். எழுதினோம். சரக்கின் பெயரை அடித்ததும் பக்கத்தில் நேரம் கல்வெட்டாக விழுந்தது. கூடவே அன்டூ போயே போய்விட்டது. இப்போது தப்பாக அடித்ததும் கல்வெட்டுதான்.

மேக்ரோ நேரம் கேட்பது கம்ப்யூட்டர் கடிகாரத்திடம். இதைக் கண்டுபிடித்தவர், தினமும் தாமதமாக வரும் எங்கள் கிளார்க். 10.20-க்கு வந்து, கடிகாரத்தை 9.30-க்குத் திருப்பிவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பார். கேட்டால், "லோட்டஸ் 1-2-3-ன்னு ஒரு பழைய ஷீட் புரோகிராம் செய்த பிழைக்காக 1900 பிப்ரவரிக்கு 29-ஆம் தேதி கொடுத்தது சார் எக்செல். இல்லாத நாளையே ஒத்துக்கிட்டது, என் 50 நிமிஷத்துக்கா முகம் சுளிக்கப்போகுது?" என்கிறார், டீயை ஆற்றிக்கொண்டே.