துப்பாக்கிக்கும் ஜாதகம் உண்டு

கே: நாஜி ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்பது தப்பா சார்? இரும்புக்கும் மரக்கட்டைக்கும் என்ன பாவம் தெரியும்? (கரூர் வாசகர்)

ப: தெரியாதுதான். ஆனால் அதன் மேலேயே எழுதி வைத்திருக்கிறார்களே! போர்க்காலத்து ஜெர்மன் 98கே ரைஃபிளில், தோட்டா நுழையும் அறைக்கு மேலே சங்கேத எழுத்துகள் இருக்கும். ‘பிஒய்எஃப்’ என்றால் ஓபர்ண்டோர்ஃப் ஊரின் மவுசர் ஆலை. ‘பிசிடி’ என்றால் வைமாரில் இருந்த குஸ்ட்லோஃப் ஆலை. பக்கத்திலிருந்த புக்கன்வால்ட் வதைமுகாமின் கைதிகளை அங்கே கசக்கிப் பிழிந்தார்கள். அந்த கம்பெனி முளைத்ததே கொள்ளையில்தான். ஸூல் நகரத்து சிம்சன் என்ற யூதக் குடும்பத்தின் ஆலையை 1930-களில் பிடுங்கி, கொலையுண்ட ஒரு நாஜி தலைவரின் பெயரைச் சூட்டினார்கள். மர வேலைப்பாட்டை மட்டும் பார்த்து ‘ஆகா’ என்கிறவர், ஜாதகம் பார்க்காமல் சம்பந்தம் பேசுகிறார்.

கே: துப்பாக்கியில் உள்ள ஸ்வஸ்திகாவை அரம் போட்டுத் தேய்த்துவிட்டால் தோஷம் கழியுமா?

ப: தடயம்தான் கழியும். கைப்பற்றிய ரைஃபிள்கள் பலவற்றில் சோவியத்காரர்கள் அதைத் தட்டி நசுக்கினார்கள். ஜெயித்தவன் கோபம்; அந்த நசுங்கலும் சரித்திரம். இஸ்ரேல் தன் 1948 போருக்காகச் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து இதே ரக ரைஃபிள்களை வாங்கியது. நாஜி முத்திரையும் தாவீதின் நட்சத்திரமும் ஒரே இரும்பில் சேர்ந்திருக்கும் துப்பாக்கிகள் உண்டு. வதைமுகாமில் பிழைத்தவர்களும் அந்தப் போரில் இருந்தார்கள். நீங்கள் அரத்தை உள்ளே வையுங்கள்.

கே: அப்போ சேகரிக்கலாம் என்கிறீர்களா?

ப: நாஜி கழுகு முத்திரை பளிச்சென்று இருந்தால் விலை எகிறுகிறது, நசுங்கியிருந்தால் இறங்குகிறது. அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. வாங்குகிறவர் கைதியின் கதைக்குக் காசு கொடுக்கிறாரா, கழுகுக்கா? பக்கத்தில் அந்தக் கதையை எழுதி மாட்டுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. துப்பாக்கியை மட்டும் மாட்டிவிட்டு விறைப்பாக செல்ஃபி எடுக்கிறவர் வீட்டில் காபிகூட வேண்டாம்.

கே: நாஜி என்றால் மட்டும் பொங்குகிறீர்கள். வெள்ளைக்காரன் துப்பாக்கி?

ப: வசமாகப் பிடித்தீர்கள். ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று 1650 ரவுண்டு சுட்டது .303 ரைஃபிள். அதே ரகத்துக்கு உத்தரப் பிரதேச போலீஸ் விடை கொடுத்தது 2020 குடியரசு தினத்தில்! நம் ஆள் தோளில் ஏறியதும் ஜாதகத்தை மறந்துவிட்டோம், நானும் சேர்த்துத்தான்.

கே: உங்களுக்கு ஒன்று பரிசாக வந்தால்?

ப: முதலில் சங்கேத எழுத்தைக் குறித்துக்கொள்வேன். அப்புறம் அருங்காட்சியகத்துக்குப் போன் போடுவேன். எங்கள் வீட்டில் அரிவாள்மனையைத் தொடவே எனக்கு லைசென்ஸ் கிடையாது.